நூற்றுப் பதினெட்டு ஈரப் பேப்பர்கள்

வேங்கிக்கால் பக்கம் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. டெஸ்டர் வீடு என்று கேட்டால் பால்காரர்கூட வழி காட்டுவார். கரண்டுக் கம்பத்தில் ஏறி இறங்கியே காலம் தள்ளிய வயர்மேன். ஓய்வு பெற்ற பிறகும் மஞ்சள் பிடி போட்ட டெஸ்டர் ஒன்று சட்டைப் பையில் குத்தியிருக்கும். கல்யாணத்துக்கு வந்தாலும் இருக்கும், சாவுக்கு வந்தாலும் இருக்கும்.

எதையும் சோதித்துப் பார்க்காமல் கையால் தொட மாட்டார். முட்டை வாங்கப் போனால் கடைக்காரரிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பார். ஒவ்வொரு முட்டையாகத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் திருப்பிக் கொடுப்பார். யாராவது பேனா கடன் கேட்டால், முதலில் தன் உள்ளங்கையில் ஒரு கிறுக்கு கிறுக்கி, எழுதுகிறது என்று தெரிந்த பிறகுதான் நீட்டுவார். கிணற்றுக்குப் புதுக் கயிறு வாங்கினால் வேப்பமரக் கிளையில் கட்டி, அறுபது வயதில், இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குவார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

மகள் கல்யாணத்துக்குக் கட்டில் வாங்க அவரோடு நானும் போயிருந்தேன். கடையில் இருந்த இரண்டு பையன்களையும் என்னையும் கட்டில் மேல் ஏற்றி, "குதிங்க" என்றார். குதித்தோம். கீழே குனிந்து காதை வைத்துக் கேட்டார். "அந்தக் கால் கிறீச்சுன்னுது, வேற காட்டு" என்றார். கடைக்காரர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

அதே மனிதர், அதற்கு முன் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைப் பையனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். "குடிப்பீங்களா?" பையன் "இல்லீங்க" என்றான். "சரி" என்று எழுந்துவிட்டார். விசாரிக்கவில்லை. பையனின் ஊருக்குப் போய் நாலு பேரைக் கேட்கவில்லை. கட்டில் கடையிலிருந்து திரும்பும்போது நான்தான் பொறுக்க முடியாமல், "இன்னாண்ணா இது, கட்டிலுக்குக் குடுத்த மரியாதைகூட மாப்பிள்ளைக்குக் கெடையாதா?" என்று கேட்டேன்.

"பொருளத்தான் டெஸ்ட் பண்ணணும் தம்பி. ஆள பண்ணக் கூடாது" என்றார். "நான் கம்பத்து மேல நிப்பேன். லைன ஆஃப் பண்ணிட்டேன்னு கீழ இருக்கறவன் சொல்லுவான். அவன் சொல்ல நம்பித்தான் கம்பியில கைய வெச்சேன், முப்பத்தஞ்சு வருஷம். ஒருத்தன்கூட பொய் சொல்லல. சொல்லியிருந்தா நான் இன்னிக்கு உங்ககூட கட்டில் வாங்க வந்திருப்பனா?"

இதை அவர் சொன்னபோது நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

நான் பேப்பர் ஏஜென்ட். விடிவதற்கு முன் பஸ் ஸ்டாண்டில் வேன் வந்து கட்டுகளைத் தள்ளிவிட்டுப் போகும். உட்கார்ந்து பிரித்து, இணைப்பு செருகி, தெருவாரியாக எண்ணிக் கொடுப்பது என் வேலை. கட்டைவிரலால் ஓரத்தைத் தள்ளினால் ஐந்து ஐந்தாக விழும். பேசிக்கொண்டே எண்ணுவேன், டீ குடித்துக்கொண்டே எண்ணுவேன். ஒரு பேப்பர் கூடக் குறையாது. ஊரில் எனக்கு வேறு பெருமை ஒன்றும் கிடையாது, இது ஒன்றுதான்.

விற்காத பழைய பேப்பரை வாங்கத்தான் அவர் முதலில் என் கடைக்கு வந்தார். எல்லாம் ஒரே நாளிதழாக இருக்க வேண்டும், எல்லாம் பதினாறு பக்கமாக இருக்க வேண்டும், இணைப்பு இருக்கக் கூடாது. இட்லிக் கடை வைக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். "எதுக்குண்ணா?" என்று கேட்டதற்கு, "சுடறதுக்கு" என்றார்.

அவருக்குக் கீழ்பென்னாத்தூர் தாண்டி இரண்டரை ஏக்கர் நிலம் உண்டு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார். காய் பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால் ஒரே ராத்திரியில் நிலம் உழுது போட்டது மாதிரி ஆகிவிடும். அவர் அப்பா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. குழல் வாயில் வெடிமருந்தையும் ஈயக்குண்டையும் போட்டுக் கெட்டிக்கிற பழைய ரகம். அதற்கு முறையான உரிமமும் உண்டு. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைப்பார், முடிந்ததும் திரும்ப வாங்கி வருவார். உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய சமயத்தில் காக்கி உறை போட்ட ஃபைலோடு கலெக்டர் ஆபீசுக்கு நடப்பார். ஆனால் இருபது வருஷத்தில் அவர் சுட்ட பன்றி மூன்றோ நாலோதான். மனு எழுதி, உத்தரவு வந்து, வனத்துறை ஆள் பக்கத்தில் வந்து நின்றால்தான் சுடலாம். அந்த ஒரு நாளுக்காக வருஷமெல்லாம் பேப்பரைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

ஏன் பேப்பர் என்று விளக்கமாகச் சொன்னார். முதலில் ஏரிக் களிமண்ணில் சுட்டுப் பார்த்தாராம். ஒரு நாள் இருக்கிற ஈரம் மறுநாள் இல்லை. துணி சோப்புக் கட்டியில் சுட்டால் வெடித்துச் சிதறுகிறது. எண்ணெய் கேனில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்துச் சுட்டால் எத்தனை கேன் துளைக்கிறது என்று சரியாகத் தெரிகிறது, ஆனால் வீட்டில் கேன் மிச்சமில்லை, சண்டை வருகிறது. பூசணிக்காயில் சுட்டாராம். பக்கத்து நிலத்துக்காரர் ஓடி வந்து, யாருக்குத் திருஷ்டி கழிக்கிறீங்க என்று கேட்டாராம். கடைசியில் பேப்பரில் வந்து நின்றார். முந்தின நாளே தொட்டியில் ஊறப்போட்டு, கிணற்று மேட்டில் சாக்கில் கட்டி வைத்து, எப்போதும் ஒரே தூரத்தில் நின்று சுடுவார். பிறகு கட்டைப் பிரித்து, குண்டு எத்தனை பேப்பரைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது என்று எண்ணுவார். நின்ற இடத்தில் குண்டை எடுத்து, எவ்வளவு தட்டையாகியிருக்கிறது என்று பார்ப்பார். பிறகு அன்றைய நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் எண்ணிக்கையை எழுதி, அதிலேயே குண்டைப் பொட்டலம் கட்டி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார். இரண்டு பாட்டில் நிறைந்து மூன்றாவது நடந்துகொண்டிருந்தது.

"இவ்ளோ எதுக்குண்ணா? பன்னி சாவுதா இல்லியா, அவ்ளோதானே" என்று கேட்டேன் ஒருமுறை.

"எங்கப்பா ஒரு தடவ சுட்டாரு. மருந்து கம்மி. தோள்ல பட்டு உள்ள போவாம நின்னுடுச்சு. அது வேலிகாத்தான் முள்ளுக்குள்ள போயி படுத்துக்கினு ரெண்டு நாள் கத்துச்சு. எங்கம்மா சோறு தின்னல. நானும் தின்னல. அதான் தம்பி. ஒரே குண்டு. அது போதும்னு நமக்கு நிச்சயமாத் தெரியணும். தெரியலன்னா சுடக் கூடாது."

அவருக்குப் பொடி எழுத்து மங்க ஆரம்பித்த பிறகு எண்ணுகிற வேலை எனக்கு வந்தது. "பேப்பர் எண்ண உங்கள விட்டா யாரு தம்பி" என்று ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போவார். போகிற வழியில் பஜ்ஜி வாங்கித் தருவார், அதையும் பிட்டு எண்ணெயைப் பிழிந்து பார்த்துவிட்டுத்தான். எனக்கும் அது பிடித்திருந்தது. என் தொழிலுக்கு மரியாதை கொடுத்த ஒரே மனிதர் அவர்.

ஆனால் ஈரப் பேப்பரை எண்ணுவது உலர்ந்த பேப்பரை எண்ணுவது போல இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நகத்தால் பிரித்தால் கிழியும். எது எந்தப் பேப்பரின் கடைசிப் பக்கம் என்று தேட வேண்டும். மை விரலில் ஏறி, சோப்புப் போட்டாலும் போகாது. நூறு பேப்பரைப் பிரிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பத்துப் பேப்பருக்கு ஒருமுறை ஓட்டையின் அகலத்தைக் குச்சியால் அளந்துகொண்டே இருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. என் மச்சினன் குடும்பம் கிரிவலத்துக்கு வந்து வீட்டில் இறங்கியிருந்தது. சாயங்காலம் ஆனால் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும், பைக்கைக்கூட உள்ளே விட மாட்டார்கள். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். போன் வேறு அடித்துக்கொண்டே இருந்தது.

அன்றைக்குச் சோதனை முக்கியமானது. பழைய மருந்து தீர்ந்துபோய்ப் புது மருந்து வாங்கியிருந்தார். மழைக்காலத்தில் வாங்கியது. தொட்டுப் பார்த்ததில் அவருக்குத் திருப்தி இல்லை. "ஈரம் வாங்கியிருக்குமோன்னு டவுட்டா இருக்கு தம்பி. பழைய மருந்து நூத்திப் பதினஞ்சுக்கு மேல போவும். இது எத்தினி போவுதுன்னு பாத்துட்டா நிம்மதி. கம்மியா வந்தா இந்த மருந்தே வாணாம். உத்தரவு வந்தாலும் நான் போவல" என்றார். உத்தரவு வருகிற வாரம் வந்துவிடும் என்று செய்தி வந்திருந்தது.

சுட்டார். கட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார். மோட்டார் கொட்டகையில் ஃபியூஸ் போயிருந்ததால், "நீங்க எண்ணிக்கினு இருங்க, நான் அத பாத்துட்டு வந்துடறேன்" என்று போனார்.

நாற்பது வரைக்கும் எண்ணினேன். அது சத்தியம். நாற்பதில் போன் அடித்தது. மச்சினன். "எங்க மாமா இருக்கீங்க, செங்கம் ரோட்டுல அடைச்சுட்டாங்களாம்" என்றான். போனை வைத்தேன். எதிரே இன்னும் மலை மாதிரி ஈரப் பேப்பர். பின்பக்கத்திலிருந்து கையை விட்டுத் துழாவினேன். குண்டு தட்டுப்பட்டது. எடுத்து வெளியில் வைத்தேன். மிச்சப் பேப்பரை அப்படியே இரண்டு கையாலும் வாரி, எண்ணினதையும் எண்ணாததையும் ஒன்றாகக் கலந்து எருக்குழியில் போட்டேன். போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு நின்றேன். யாராவது திரும்ப எண்ணிப் பார்க்க முடியாதபடி செய்தேன் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது, இடத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவர் வந்தார். "எத்தினி தம்பி?"

"நூத்திப் பதினெட்டுண்ணா."

ஏன் பதினெட்டு? நூற்றுப் பதினைந்து என்று சொன்னால் சந்தேகம் வரும் என்று மூன்று கூட்டிக்கொண்டேன். கொஞ்சம் கூடச் சொன்னால் சந்தோஷப்படுவார் என்றும் நினைத்தேன். பேப்பர் எண்ணுவதில் பெயர் எடுத்தவன், எண்ணாத பேப்பருக்குக் கணக்கு அழகாகச் சொன்னேன்.

அவர் குண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரியா தட்டையாவலியே தம்பி. உருண்டையாவே கீது. வேகம் இல்லாத மாதிரி இருக்கே" என்றார். என் முகத்தைப் பார்த்தார். நான் பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எண்ணிட்டீங்க இல்ல?"

"எண்ணிட்டேண்ணா."

"அப்ப சரி. நீங்க எண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, நாள்காட்டித் தாளில் 118 என்று எழுதி மடித்தார். தன் கண்ணில் பட்டதை விட்டுவிட்டு என் வாயில் வந்ததை எடுத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் நான் வீட்டுக்குப் போய்விட்டேன். மச்சினனோடு மலையைச் சுற்றினேன். எட்டு லிங்கத்துக்கும் கற்பூரம் ஏற்றினேன். நூற்றுப் பதினெட்டு ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. அது இன்னும் பெரிய வெட்கம்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. விடிகிற நேரத்தில் அவரும் வனக்காவலரும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பேப்பரை எண்ணிக் கொடுத்துவிட்டு நானும் போயிருந்தேன், தூரத்தில் மோட்டார் கொட்டகை மேல் ஏறி நின்றேன். பன்றி ஒன்று தனியாக மல்லாட்டைக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றது. நல்ல பக்கவாட்டு நிலை. அவர் பதறாமல், நிதானமாகச் சுட்டார். குண்டு எங்கே படவேண்டுமோ அங்கேதான் பட்டது. பன்றி விழவில்லை. ஒரு கத்துக் கத்திவிட்டு வேலிகாத்தான் புதருக்குள் போய்விட்டது. உள்ளேயிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது.

வனக்காவலர், "விடுங்க, ஆளுங்கள வரவெச்சி அப்புறமா பாத்துக்கலாம், உள்ள போவாதீங்க" என்று கையைப் பிடித்தார்.

"இது கத்திக்கினு இருக்க நான் இங்க உக்காந்துகினு இருக்கறதா?" என்றார். திரும்பக் கெட்டித்துக்கொண்டு புதருக்குள் போனார். நான் கொட்டகை மேல் நின்றுகொண்டு பார்த்தேன். வாயைத் திறந்து, "அண்ணா, போவாதீங்க, அந்த மருந்து ஆவாது" என்று ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தில்தான் நூற்றுப் பதினெட்டு எனக்கு ஞாபகம் வந்தது. சத்தம் கொடுக்கவில்லை.

பன்றி அவர் மேல் பாய்ந்து இடது தொடையைக் கிழித்துவிட்டது. விழுந்தபடியே இரண்டாவது குண்டைக் கிட்டத்தில் வைத்துச் சுட்டார். அதன் பிறகுதான் சத்தம் நின்றது.

ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். நரம்பு போய்விட்டது, இனி அந்தக் காலை இழுத்துத்தான் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது அக்கா, அவர் மனைவி, கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்ததும் கஞ்சியைத் தள்ளினார்.

"தம்பி, வலியில எதுவும் வெளங்கல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு நூத்திப் பதினெட்டுதானே?"

சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் மூன்று பேர்தான். அவர் கண்ணில் கோபம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ள ஆசைதான் இருந்தது, கட்டில் காலில் காதை வைத்துக் கேட்ட அதே முகம். கையில் கொண்டுபோன ஆரஞ்சுப் பழப் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாண்ணா. நான்தானே எண்ணினேன்."

முதல் பொய்யை அவசரத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொண்டாலும், இந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு எந்த அவசரமும் இல்லை.

அவர் தலையைச் சாய்த்துக்கொண்டார். "அப்ப டெஸ்ட்டே தப்பு. நூத்திப் பதினெட்டு பேப்பர் போன குண்டு பன்னித் தோள்ல நிக்குதுன்னா, பேப்பருக்கும் ஒடம்புக்கும் சம்பந்தமே இல்லன்னு அர்த்தம். இத்தினி வருஷம் பைத்தியக்காரன் மாதிரி பேப்பர ஊறவெச்சிக்கினு இருந்திருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தார். உரிமம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று ஹார்லிக்ஸ் பாட்டிலையும் பழைய இரும்புக்காரனிடம் போட்டார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். கால் போனவர் வேறு என்ன செய்வார் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். முட்டைக் கடையில் நின்றிருந்தார். கடைக்காரர் பழக்கத்தில் சொம்பில் தண்ணீர் எடுத்து வைத்தார். அவர் அதைத் தொடவே இல்லை. "பன்னண்டு குடுப்பா" என்று பையை விரித்தார். சட்டைப் பையில் டெஸ்டர் இல்லை. நான் வாழைக்காய்க் கடைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. பிறகு ஒரு நாள் அக்கா என் கடைக்கு வந்தார்.

"நீங்க வந்து ஒரு வார்த்த பேசணும் தம்பி. அவரு இன்னா குடுத்தாலும் வாங்கிக்கிறாரு. புது குக்கர் வாங்கினு வந்தாரு, மூடியே சேரல. கொழம்புல உப்பு கீதான்னு கேட்டா, எனக்கு எப்படித் தெரியும், நீயே பாருன்றாரு. தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே முடிவு பண்ணிட்டாரு. கால் போனதுகூட எனக்குப் பெருசாத் தெரியல. உங்க பேச்சுன்னா கேப்பாரு."

உங்கள் பேச்சென்றால் கேட்பார். அதைக் கேட்டுத்தான் அவர் புதருக்குள் போனார். அன்று ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, மறுநாள் பேப்பர் வேலை முடிந்ததும் வேங்கிக்காலுக்குப் போனேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மலை தெரிந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்தால் திரும்பி வந்துவிடுவேன் என்று பயந்து, நேராகச் சொன்னேன்.

"அண்ணா, அன்னிக்கு நான் எண்ணலண்ணா. நூத்திப் பதினெட்டு பொய். ஊருக்குப் போவ அவசரம், வாயில வந்தத சொல்லிட்டேன்."

அக்கா காபியோடு வாசற்படியில் நின்றிருந்தது எனக்குத் தெரியாது.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் முகம் மெல்ல மாறியது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷம்.

"அப்ப பேப்பர் பொய் சொல்லல" என்றார். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். "ஏய், கேட்டியா? டெஸ்ட்டு சரிதான்! மருந்துதான் ஈரம். குண்டு உருண்டையா இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன் பாரு! நான் பாத்தது சரி!" காலை மறந்துபோய் எழுந்து, தடுமாறி, திரும்ப உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டார்.

ஒன்றரை வருஷமாக ஒரு வார்த்தையில் கொடுத்திருக்கக் கூடியதை நான் என் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அக்கா கீழே வந்து காபியை என் பக்கத்தில் வைத்தார். "ஆறிடும், குடிங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய நீட்டிய காலைப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார். நான் அந்தக் காபியைக் குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

அவர் பர்ஸைத் திறந்து, மடித்த நாள்காட்டித் தாள் ஒன்றை எடுத்தார். அந்த ஒன்றை மட்டும் வைத்திருந்திருக்கிறார். அதில் இருந்த 118-ஐ அடித்தார். பேனாவை வைத்துக்கொண்டு ஆசையோடு நிமிர்ந்தார்.

"சரி, உண்மையில எத்தினி இருந்துது தம்பி?"

"தெரியாதுண்ணா."

"சும்மா சொல்லுங்க. எண்பதா? எழுவதா? பாத்தா தெரிஞ்சிருக்குமே."

"நாப்பது வரைக்கும் எண்ணினேன். அப்புறம் எல்லாத்தையும் கலந்து எருக்குழியில போட்டுட்டேண்ணா."

சிரிப்பு அப்போதுதான் நின்றது. துப்பாக்கி இல்லை, மருந்து இல்லை, அந்தப் பேப்பர் மண்ணாகியிருக்கும். இனி அந்த எண்ணிக்கையை யாராலும் எடுக்க முடியாது. அவருக்கு அது புரிவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளில் 118-க்குக் கீழே எழுதினார். "நாற்பது. அதற்கு மேல் எண்ணவில்லை." பேனாவை உள்ளங்கையில் ஒரு கிறுக்குக் கிறுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"லைன் ஆஃப்னு சொன்னவன் நோட்டுல கையெழுத்துப் போடணும். எங்க டிப்பார்ட்மென்ட்ல அதான் ரூலு" என்றார். போட்டேன்.

அவர் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. மறு வாரமே சட்டைப் பையில் டெஸ்டர் வந்துவிட்டது. முட்டைக் கடையில் தண்ணீர் கேட்கிறார் என்று அக்கா யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பிறகு ஓசூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார்கள். போகிற வரைக்கும் அவர் வீட்டுப் பேப்பரை நானேதான் கொண்டுபோய்ப் போட்டேன். கேட் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "வாங்க தம்பி" என்று பிரியமாகத்தான் கூப்பிடுவார். பேப்பரை வாங்கி, மடியில் வைத்து, விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி எண்ணுவார். அதற்கு முன் ஒரு நாளும் அவர் அப்படி எண்ணியதில்லை. நான் பைக்கை அணைத்துவிட்டு, அவர் முடிக்கிற வரைக்கும் நிற்பேன்.

"பதினாறு" என்பார். "சரியா இருக்கு. நீங்க போங்க."